தோலின் நினைவு

சங்க இலக்கிய வகுப்பில் மாணவர்கள் தவறாமல் இடறும் சொற்களில் ஒன்று ‘தோல்’. புறப்பாடல்களில் அச்சொல்லைக் கண்டதும் பாதி வகுப்பு முரசில் போர்த்திய தோலை நினைத்துக்கொள்ளும். பல இடங்களில் அது கேடயம். புறப்பொருள் வெண்பாமாலை உழிஞைப் படலத்தில் தோலுழிஞை என்று கேடயத்தைப் புகழ்வதற்கே ஒரு துறை இருக்கிறது. தொல்காப்பியச் செய்யுளியல் சொல்லும் எண்வகை வனப்புகளில் ஒன்றுக்கும் தோல் என்றுதான் பெயர் (அதற்குள் நுழைந்தால் இக்கட்டுரை திரும்பி வராது, விட்டுவிடுகிறேன்). உடம்பை மூடியிருப்பதும், பகைவன் வேலைத் தாங்குவதும் ஒரே சொல்லால் குறிக்கப்பட்டதில் வியப்பொன்றுமில்லை. கேடயம் தோலால்தானே செய்யப்பட்டது.

வியப்பு வேறிடத்தில் இருக்கிறது. ஐம்பொறிகளை எண்ணும்போது நாம் தோல் என்று சொல்வதில்லை, மெய் என்கிறோம். கண், காது, மூக்கு, வாய் என்று தனித்தனி உறுப்புகளைச் சொல்லிவிட்டுத் தொடுவுணர்வுக்கு வரும்போது மட்டும் முழு உடம்பையும் சொல்கிறோம். மரபியலில் உயிர்களை அறிவின் அடிப்படையில் வரிசைப்படுத்தும் தொல்காப்பியர் முதலில் வைப்பது தொட்டறியும் அறிவைத்தான். புல்லுக்கும் மரத்துக்கும் உரியது அது. ஆக, நம் மரபில் தோல் ஒருபுறம் கேடயம், மறுபுறம் அறிவின் முதற்படி. இவ்விரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது உடற்கூற்றியல் நூல்களைப் படிக்கத் தொடங்கிய பிறகுதான். தமிழாசிரியனுக்கு உடற்கூற்றியல் எதற்கு என்றால், காரணம் குடும்பத்தில் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

வளர்ந்த ஒருவரின் தோலை விரித்தால் ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் வரும். ஒரு கோரைப்பாய்க்குச் சற்றேறக்குறையச் சமம். அதில் வெளியே தெரியும் மேல்தோலின் தடிமன் பெரும்பாலான இடங்களில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். கண்ணிமையில் அதிலும் பாதி, உள்ளங்காலில் ஒன்றரை மில்லிமீட்டர். அதற்கடியில் உள்தோல். கொலாஜன் நார்கள், இரத்தக் குழாய்கள், நரம்புகள், வியர்வைச் சுரப்பிகள், மயிர்க்கால்கள் எல்லாம் அங்கே. அதற்கும் கீழே கொழுப்புப் படலம்.

மேல்தோலில் இரத்தக் குழாயே கிடையாது. அதன் செல்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் கெரட்டினோசைட் என்ற ஒரே வகை. அவை அடியடுக்கில் பிறந்து, பின்னால் பிறப்பவற்றால் தள்ளப்பட்டு மேலேறுகின்றன. ஏறஏறக் கெரட்டின் என்னும் புரதத்தால் நிரம்பி, தட்டையாகி, கடைசியில் உட்கருவையும் இழந்து செத்துப்போகின்றன. அந்தச் செத்த செல்கள் பதினைந்து இருபது அடுக்காகப் படிந்ததுதான் நாம் தொட்டுப் பார்க்கும் தோல். அவற்றைச் செங்கல்லாகவும், இடையே நிறைந்திருக்கும் கொழுப்புப் பொருள்களைச் சாந்தாகவும் மருத்துவ நூல்கள் உவமிக்கின்றன. அடியில் பிறந்த செல் மேலே வந்து உதிர நான்கிலிருந்து ஆறு வாரம். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது கையோடு திரண்டு வரும் அழுக்கில் சென்ற மாதத்து நாமும் இருக்கிறோம்.

சித்தர் மரபும் சமண மரபும் இத்தோலை இழித்துப் பேசியது கொஞ்சமல்ல. புழுக்கூட்டைப் போர்த்திய பை என்ற அளவில் அவர்களுக்கு அது முடிந்துவிட்டது. அவர்கள் நோக்கம் வேறு, அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் ‘வெறும் தோல்’ என்று ஒன்று இல்லை என்பதை நுண்ணோக்கி காட்டிவிட்டது. மேற்பரப்பு சற்றே புளிப்பானது. அதன் அமிலத்தன்மை பல கிருமிகளுக்கு ஒத்துக்கொள்ளாது. கெரட்டினோசைட்டுகள் கிருமிகளைக் கொல்லும் புரதங்களைத் தாமே சுரக்கின்றன. அவற்றில் சோரியாசின் என்பது குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவைக் கொல்லக்கூடியது என்று 2005இல் காட்டினார்கள். நாள்முழுதும் அக்கிருமி நம் கைகளில் பட்டுக்கொண்டிருந்தும் தோலில் அதனால் புண் வருவது அரிதாக இருப்பதற்கு அது ஒரு காரணம். இன்னொன்று: இந்தச் செல்கள் அபாயச் செய்தியை முன்கூட்டியே எழுதித் தமக்குள் வைத்திருக்கின்றன. இன்டர்லூகின்-1 என்று அதற்குப் பெயர். கீறல் பட்டுச் செல் உடைந்தால் செய்தி தானாக வெளியே கொட்டும். எழுதிப் பையில் வைத்துக்கொண்ட ஓலையோடு ஒவ்வொரு செங்கல்லும் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் செங்கற்களுக்கு இடையில் வேறு வகைச் செல்களும் உண்டு. அவற்றில் ஒன்றின் வரலாறு எனக்கு மிகவும் பிடித்தது.

1868இல் பெர்லினில் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற மருத்துவ மாணவர் மனிதத் தோல் துண்டைத் தங்கக் குளோரைடில் ஊறவைத்து நுண்ணோக்கியில் பார்த்தார். மேல்தோலின் நடுவே கிளைவிட்ட கரிய உருவங்கள் தெரிந்தன. நரம்பைப் போல் கிளை இருந்ததால் அவற்றை நரம்பு செல்கள் என்று எழுதினார். (மறுவருடம் கணையத்தில் அவர் கண்ட செல்திட்டுகள்தாம் இன்று இன்சுலினோடு சேர்த்துப் பேசப்படும் லாங்கர்ஹான்ஸ் திட்டுகள். மாணவப் பருவத்திலேயே இரண்டு கண்டுபிடிப்புகள். பிறகு காசநோய் கண்டு மதேரா தீவுக்குப் போய், 1888இல் நாற்பது வயதில் இறந்தார்.) அவர் கண்ட கிளைச் செல்கள் மேல்தோலின் செல்களில் நூற்றுக்கு இரண்டிலிருந்து நான்குவரை. அவை என்ன செய்கின்றன என்பது நூறாண்டுக்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. உழைத்துத் தேய்ந்துபோன நிறமிச் செல்கள் என்றுகூடச் சிலர் கருதினார்கள். 1961இல் பிர்பெக் என்பவரும் உடன் ஆய்ந்தவர்களும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இச்செல்களுக்குள் கோல்போன்ற, சில இடங்களில் டென்னிஸ் மட்டைபோன்ற துணுக்குகளைக் கண்டார்கள். இன்றும் அவற்றுக்குப் பிர்பெக் துணுக்கு என்றே பெயர். அந்த ஆய்வுக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட தோல் வெண்புள்ளி படிந்தவர்களின் தோல். இதைப் படித்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

1973இல் இங்கா சில்பர்பெர்க் என்பவர், தோல் ஒவ்வாமையின்போது லாங்கர்ஹான்ஸ் செல்களை வெள்ளணுக்கள் நெருங்கி ஒட்டி நிற்பதைக் கண்டு எழுதினார். அதன்பின் படிப்படியாகத் தெரியவந்தது, இவை நோயெதிர்ப்பு மண்டலத்தைச் சேர்ந்தவை என்று. கருவிலிருக்கும்போதே தோலுக்கு வந்து குடியேறி அங்கேயே பெருகுபவை. செங்கற்களின் இடுக்கு வழியே கிளையை மேலே நீட்டி, சுவரைக் குலைக்காமலே வெளியிலிருப்பதைத் துழாவிப் பார்ப்பவை. அயற்பொருள் ஏதேனும் அகப்பட்டால் அதை விழுங்கித் துண்டாக்கி, நிணநீர் வழியே அக்குளிலோ தொடையிடுக்கிலோ இருக்கும் நிணநீர் முடிச்சுக்குப் பயணப்பட்டு, அங்குள்ள டி செல்களிடம் அத்துண்டைக் காட்டுகின்றன. ‘இது நம்முடையதா பார்’ என்று கேட்பதுதான் வேலை. நரம்பு என்று லாங்கர்ஹான்ஸ் எண்ணியதை நான் முழுத்தவறு என்று சொல்லமாட்டேன். இதுவும் ஒருவகைத் தொட்டறிதல்தான்.

ஆனால் தோலில் நாளெல்லாம் போர் நடப்பதில்லை. நம்மேல் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன, பெரும்பாலானவற்றால் தீங்கில்லை. அவற்றைத் தாக்காமலிருக்கத் தோல் கற்றுக்கொண்டாக வேண்டும். 2015இல் எலிகளில் செய்த ஓர் ஆய்வு, பிறந்த புதிதில் சில நாட்களுக்குள் தோலில் குடியேறும் நுண்ணுயிரையே உடல் தனதாக ஏற்கிறது என்று காட்டியது. அப்போது தோலுக்கு வந்து சேரும் அடக்கும் டி செல்கள்தாம் அந்தப் பொறுமையைக் கற்பிக்கின்றன. வளர்ந்தபின் முதன்முறையாக அறிமுகமானால் அதே நுண்ணுயிர் அயலான்.

தோலுக்கு நினைவும் இருக்கிறது. மனிதத் தோலில் ஏறக்குறைய 2,000 கோடி டி செல்கள் இருப்பதாக 2006இல் கணக்கிட்டார்கள். இரத்தத்தில் ஓடுவதைப் போல் கிட்டத்தட்ட இருமடங்கு. பெரும்பாலானவை பழைய பகையை நினைவில் வைத்திருப்பவை. ஒருமுறை வந்த இடத்தைவிட்டு நகராமல் வருடக்கணக்கில் அங்கேயே தங்கிவிடுபவையும் அவற்றில் உண்டு. நம் தலைமுறையில் அநேகமாக எல்லோருக்கும் இடது தோளில் பி.சி.ஜி. தழும்பு இருக்கும். கிண்டியில் 1948இல் தொடங்கிய ஆய்வுக்கூடத்தில் தயாரான காசநோய்த் தடுப்பு மருந்து அது. ஊசியைத் தசைக்குள் இறக்காமல் தோலுக்குள்ளேயே போடுவார்கள். காவலர்கள் அங்கேதான் நெருக்கமாக இருக்கிறார்கள் என்பதால் அந்த இடம் பொருத்தமானதும்கூட.

இனி நான் பின்னால் சொல்வதாகச் சொன்ன காரணம்.

என் அக்காவுக்குப் பதினாறு வயதிருக்கும்போது வலது முன்கையில் காசளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி தோன்றியது. எனக்கு அப்போது ஒன்பது வயது. ஒரு வருடத்தில் மணிக்கட்டு, விரல் நுனிகள், உதட்டோரம். ஊரில் அதற்கிருந்த பெயர் வெண்குட்டம். அந்தப் பெயரில்தான் எல்லாக் கேடும். குட்டம் என்பது தொழுநோய். அதற்கு முன்னால் ஒரு ‘வெண்’ சேர்த்துவிட்டால் தொழுநோயில் ஒரு வகை என்று யாரும் நினைப்பார்கள். சங்கப் புலவர்களிடம் தோலின் நிறத்துக்கு எத்தனை சொற்கள் இருந்தன. மாந்தளிர் போன்ற மாமை, வேங்கைப் பூந்தாதுக்கு ஒப்பிடப்படும் சுணங்கு, திதலை, பிரிந்தவளின் மேனியில் படரும் பசலை. குறுந்தொகையில் பசலையைக் குளத்துப் பாசிக்கு ஒப்பிட்ட பாடலை ஒவ்வொரு வருடமும் நடத்துகிறேன். மேனியில் புள்ளி தோன்றுவதை அழகென்று பார்த்த மொழி, அக்காவின் கைக்கு வரும்போது வேறு சொல்லே இல்லாததுபோல் நடந்துகொண்டது.

அப்பா அவளை மாவட்டத் தலைநகருக்குத் தோல் மருத்துவரிடம் அழைத்துப்போனபோது நானும் கூடப் போனேன். அவர் அக்காவைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். பஞ்சைத் திரிபோல் முறுக்கி அதன் நுனியால் வெள்ளைப் புள்ளியின்மேல் தொட்டார். “தெரியுதாம்மா?” என்றார். “தெரியுது” என்றாள். பக்கத்தில் தொட்டார். “தெரியுது.” மீண்டும் புள்ளியின் நடுவில். “தெரியுது, கூசுது” என்று சொல்லிச் சிரித்துவிட்டாள். மருத்துவர் அப்பாவிடம் திரும்பி, “இது அதில்லை” என்றார். அவ்வளவுதான் சொன்னார். தொழுநோய்க் கிருமி நரம்புக்குள் புகுந்து வாழ்வது. அந்நோயில் தோன்றும் வெளிறிய படையில் பெரும்பாலும் தொடுவுணர்வு குன்றும். வெண்புள்ளியில் நிறம் மட்டுமே போகிறது, உணர்வு அப்படியே இருக்கிறது. கிருமி என்று ஒன்று அதில் இல்லவே இல்லை, ஆகவே யாருக்கும் ஒட்டாது. இதையெல்லாம் நான் விளங்கிக்கொள்ளப் பல்லாண்டுகள் ஆயின. அன்று எங்கள் மூவருக்கும் விளங்கியது அப்பாவின் முகம் மாறியது மட்டும்தான்.

நிறம் எப்படிப் போகிறது? மேல்தோலின் அடியடுக்கில் மெலனோசைட் என்ற நிறமிச் செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. (கருவில் இவை உருவாவது நரம்புகளுக்கு மூலமான அதே திசுவிலிருந்து.) ஒவ்வொன்றும் தன் கிளைகளால் சுற்றியுள்ள சுமார் 36 கெரட்டினோசைட்டுகளுக்கு மெலனின் பொட்டலங்களைப் பங்கிடுகிறது. வாங்கிக்கொண்ட செல் அதைத் தன் உட்கருவின்மேல் குடைபோல் கவித்துக்கொள்கிறது, வெயில் உள்ளே இறங்காமலிருக்க. கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் மெலனோசைட்டுகளின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். பொட்டலத்தின் அளவும் அது பரவும் விதமுமே வேறு. நம் ஊரில் பெண்பார்க்கப் போகிறவர்கள் இத்தனை காலமாகப் பொட்டலத்தைத்தான் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

வெண்புள்ளியில் நடப்பது உட்பகை. தோலைக் காக்க வேண்டிய டி செல்களில் ஒரு வகை, மெலனோசைட்டை அயலான் என்று கொண்டு தேடிக் கொல்கிறது. கொல்லும்போது அது வெளியிடும் இன்டர்ஃபெரான் காமா என்ற செய்திப்பொருளைக் கேட்டு, சுற்றியுள்ள கெரட்டினோசைட்டுகள் மேலும் டி செல்களை வரவழைக்கின்றன. செங்கற்களே எதிரிக்கு வழிகாட்டுகின்றன என்று சொல்லலாம், ஆனால் அவற்றின் கணக்கில் அவை கடமையைத்தான் செய்கின்றன. உலகில் நூற்றுக்கு அரைப்பேர் முதல் இரண்டு பேர் வரை இந்நிலை கொண்டவர்கள். இதே காவல்மிகுதியால் அவர்களுக்கு மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் குறைவாகவே வருகிறது என்றும் ஆய்வுகள் சொல்கின்றன. அந்தப் புற்றுநோய் மெலனோசைட்டில்தான் தொடங்குவது.

அக்காவுக்கு இருபத்தேழு வயதில் திருமணம் நடந்தது. அதற்குமுன் வந்துபோன வரன்களைப் பற்றி எழுதப்போவதில்லை. அத்தான் நல்ல மனிதர். அவர்களின் மகளுக்கு இப்போது வயது இருபத்தாறு. சென்ற ஆண்டு ஒரு சம்பந்தம் கூடிவந்தது. சாதகம், படிப்பு எல்லாம் முடிந்தபின் தரகர் வழியாகக் கேள்வி வந்தது: பெண்ணின் அம்மாவுக்கு இருப்பது பரம்பரையாக வருமா? அத்தானுக்குப் பேச வராது. தாய்மாமன் நான் போனேன்.

மாப்பிள்ளையின் தந்தை ஓய்வுபெற்ற ஆசிரியர், படித்தவர். நான் அவரிடம் இரட்டையர் கணக்கைச் சொன்னேன். ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த இரட்டையருக்கு மரபணு முழுவதும் ஒன்றே. அப்படிப்பட்டவர்களில் ஒருவருக்கு வெண்புள்ளி இருந்தால் மற்றவருக்கும் இருப்பது நூற்றுக்கு 23தான் என்று ஓர் ஆய்வு கண்டது. அப்படியானால் மரபில் ஏதோ ஒரு சாய்வு வருகிறது, நோய் அப்படியே வருவதில்லை. அவர் கவனமாகக் கேட்டார், தாளில் குறித்துக்கொள்ளவும் செய்தார். அதுவரை நிலைப்படியருகே நின்றிருந்த அவர் மனைவி, “அதெல்லாம் சரி சார். நாளைக்கு அவங்க வீட்டுக்கு நாங்க போனா, அவங்க கையால பரிமாறுனா சாப்பிடலாமா?” என்று கேட்டார். கேலியில்லை, வன்மமும் இல்லை, அவருக்கு நிஜமாகவே தெரியவேண்டியிருந்தது. முப்பத்தெட்டு வருடத்துக்கு முன் பஞ்சுத் திரியோடு தீர்ந்துவிட்டது என்று நாங்கள் நினைத்த கேள்வி அந்த வீட்டு நிலைப்படியில் அப்படியே நின்றிருந்தது. “நான் பிறந்ததிலிருந்து அந்தக் கையால் சாப்பிட்டுத்தான் வளர்ந்தேன்” என்று என் இரு கைகளையும் காட்டினேன். அவர் என் கைகளை உற்றுப் பார்த்தார்.

பத்து நாள் கழித்து அவர்கள் சம்மதம் சொல்லியனுப்பினார்கள். மருமகள் மறுத்துவிட்டாள். “உங்க கையைக் காட்டி என்னைக் கட்டிக்குடுக்க வேண்டாம் மாமா” என்றாள். வீட்டில் இரண்டு நாள் யாரும் யாரோடும் பேசவில்லை. அக்காதான் முதலில் பேசினாள், மகளுக்காக. இப்போது அவள் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள், வரன் பார்ப்பது நின்றிருக்கிறது. அவள் செய்தது சரியென்றே நான் நினைக்கிறேன். அக்காவுக்கு அதில் இன்னும் வருத்தம் உண்டு.

மருத்துவம் பற்றியும் சொல்ல வேண்டும். கார்போக அரிசி என்று நம் நாட்டுமருந்துக் கடைகளில் கிடைப்பதில் சோரலென் என்ற பொருள் இருக்கிறது. பூசிக்கொண்டு வெயிலில் நிற்கும் வைத்தியம் பழையது. அதே வகைப் பொருளை வேறொரு செடியிலிருந்து பிரித்தெடுத்து 1940களில் எகிப்தில் எல் மோஃப்டி என்ற மருத்துவர் பயன்படுத்திய பிறகுதான் அது நவீன மருத்துவத்துக்குள் வந்தது. அளவு தவறினால் தோல் வெந்துவிடும், ஆகவே யாரும் தாமாகச் செய்யலாகாது. இப்போது குறிப்பிட்ட அலைநீளப் புறஊதாக் கதிரை மட்டும் காட்டும் சிகிச்சை பரவலாக இருக்கிறது. நான் மேலே சொன்ன இன்டர்ஃபெரான் செய்தியைச் செல்லுக்குள் தடுக்கும் களிம்பு ஒன்றுக்கு 2022இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. ஆனால் சிகிச்சையால் நிறம் திரும்பியவர்களில் ஏறக்குறைய 40 விழுக்காட்டினருக்கு, நிறுத்திய ஓராண்டுக்குள் அதே இடங்களில் புள்ளி மீண்டும் வருகிறது. அந்த இடத்தைவிட்டு நகராத டி செல்களைப் பற்றிச் சொன்னேனல்லவா, அவைதாம் காரணம்.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். ஐம்பத்துநான்கு வயதில் இனி எதற்கு என்றாள். பிறகு, “ஆனா இதப் பாரு” என்று முன்கையை வெளிச்சத்துக்கு நீட்டினாள். சித்திரை முழுவதும் மொட்டைமாடியில் வற்றல் காயப்போட்ட கை. வெள்ளைக்கு நடுவே கடுகளவில் பழுப்புப் புள்ளிகள் ஐந்தாறு தெரிந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு பூனைமயிர்.

மயிர்க்காலின் ஆழத்தில் மெலனோசைட்டுகளை உண்டாக்கும் மூலச் செல்கள் ஒதுங்கியிருக்கின்றன. டி செல்களின் கண்ணுக்கு அவை எளிதில் படுவதில்லை. வெயில் தூண்டும்போது அங்கிருந்து பிள்ளைச் செல்கள் மயிர்க்கால் வழியே மேலேறி வந்து, வாயைச் சுற்றிக் குடியேறுகின்றன. அதனால்தான் நிறம் திரும்பும்போது பெரும்பாலும் புள்ளி புள்ளியாகத் திரும்புகிறது. இதை அக்காவுக்கு விளக்கினேன். அவள் விரல் நுனிகளைத் திருப்பிப் பார்த்தாள்.

“இங்க வராதா அப்ப?”

வராது என்றேன். அங்கே மயிர்க்கால் கிடையாது.